கண்ணாடித் தளமும் கற்சுவரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு குடைந்துள்ள பெரும் பள்ளத்தாக்கு ‘கிராண்ட் கான்யன்’ எனப்படும். அதன் மேற்குப் பகுதியில், பாறை விளிம்பைத் தாண்டி வெட்டவெளியில், குதிரை லாட வடிவான கண்ணாடி நடைபாதையொன்று 21 மீட்டர் தூரம் நீண்டு நிற்கிறது. 2007 மார்ச் இறுதியில் இது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கண்ணாடியில் கீறல் விழாதிருக்கும்பொருட்டு, செல்வோர் காலணியின்மேல் உறை அணிந்துகொள்ளவேண்டும். முதல் அடி வைக்கும்போது பலர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வர். கீழே தரையில்லை என்று கண் சொல்ல, தரை உண்டு என்று பாதம் சொல்வதால் உண்டாகும் தடுமாற்றமே இது.

தளம் நிற்கும் விதம்

நம் நாட்டுப் பழங்கிணறுகளில், உட்சுவரிலிருந்து நீட்டிவிடப்பட்ட கற்படிகளைக் காணலாம். ஒரு முனை சுவருக்குள் ஆழப் பதிந்திருப்பதால், மறுமுனைக்குத் தாங்கல் இல்லாவிடினும் அவை ஆளின் எடையைத் தாங்குகின்றன. இத்தளத்தின் தத்துவமும் அதுவே. இதன் எஃகு விட்டங்கள் சுண்ணாம்புப் பாறைக்குள் ஆழ இறக்கிய எஃகுக் கம்பிகளால் பிணைக்கப்பட்டுள்ளன. கண்ணாடியும் ஒரே தகடு அன்று. பல தகடுகளை இடையே ஒட்டும் படலமிட்டு இணைத்தது. ஒரு தகடு உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் ஒட்டிக்கொள்ளும்; மற்றவை பாரத்தைத் தாங்கும். நடப்போரால் எழும் அதிர்வைத் தணிக்கவும் தனி அமைப்புகள் உள்ளன.

இவ்விடத்தின் உயரம் 1,200 மீட்டர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அது தொலைவில் ஓடும் ஆற்றுமட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரமாகும். கண்ணாடிக்கு நேர்கீழே இருப்பது ஒரு கிளைப் பள்ளமே; அங்குச் செங்குத்தான இறக்கம் ஏறத்தாழ 150 முதல் 240 மீட்டர் வரை இருக்கும். மாணவர்க்கு இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறுதல் நலம்.

பள்ளத்தாக்கின் தோற்றம்

இப்பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். மிகுந்த அகலம் 29 கிலோமீட்டர். ஆழம் பல இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. நிலம் பிளந்து உண்டான பள்ளம் அன்று இது. கொலராடோ பீடபூமி உயர்ந்துநிற்க, சரிவில் விரைந்தோடிய ஆறு மணலையும் கற்களையும் உருட்டிச் சென்று அடிப்பாறையை அறுத்தது. ஆறு ஆழத்தைத் தந்தது. மழையும் உறைபனியும் பாறைச்சரிவும் கிளையோடைகளும் அகலத்தைத் தந்தன. இவ்வேலையின் பெரும்பகுதி கடந்த 50 அல்லது 60 லட்சம் ஆண்டுகளில் நடந்தது என்பது பலர் கொள்கை. சில பகுதிகள் அதனினும் மிகப் பழையவை எனக் கருதுவோரும் உளர்.

ஆனால் பள்ளத்தின் வயது வேறு, பாறையின் வயது வேறு. அடியில் ஆற்றையொட்டியுள்ள உருமாறிய பாறைகள் ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகட்கு முற்பட்டவை. கிழக்கே தேசியப் பூங்காவின் விளிம்பிலுள்ள சுண்ணாம்புப் பாறையின் வயது 27 கோடி ஆண்டுகள். இடைப்பட்ட அடுக்குகள் பழைய கடலடியையும் கரைமணலையும் சேற்றையும் காட்டுகின்றன. எனினும் இவ்வரிசை முழுமையானதன்று. பல இடங்களில் அடிப்பாறையின் மீது ஏறத்தாழ 50 கோடி ஆண்டு வயதுடைய மணற்பாறை நேராக அமர்ந்திருக்கிறது. நடுவே சுமார் 120 கோடி ஆண்டுகளின் சான்று அங்கே இல்லை. படிந்தவை அரித்துச் செல்லப்பட்டன. கையகலக் கோடாகத் தெரியும் அவ்விடமே இப்பள்ளத்தாக்கின் மிக ஆழ்ந்த பள்ளம் எனலாம். காலடியை நோக்கி அஞ்சுவோர் எதிர்ச்சுவரையும் நிமிர்ந்து நோக்கினாலன்றி அது புலப்படாது.

மண்ணுக்கு உரியோர்

தளம் தேசியப் பூங்காவிற்குள் இல்லை. 1883 ஆம் ஆண்டில் ஹுவாலபாய் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் உள்ளது. அங்கே எதிரிலுள்ள பாறை, சிறகு விரித்த கழுகுபோல் தோன்றுவதால் அவர்கட்குப் புனிதமானது. வறண்ட நிலத்தில் வேலையின்றி வாடிய மக்களுக்கு வருவாய் வேண்டும் என்று தலைவர்கள் இத்திட்டத்தை ஏற்றனர். முன்னோர் போற்றிய இடத்தில் எஃகு நாட்டுவது தகாது என்று முதியோர் சிலர் எதிர்த்தனர். இரு தரப்பினரும் தம் மக்களின் நலனையே கருதினர். ஆகவே அங்குச் செல்வோர் ஒருவர் வீட்டு முற்றத்தில் விருந்தினராக நிற்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டில்

இத்தகைய காலஇடைவெளியைக் காணக் கடல் கடக்கவேண்டுவதில்லை. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையோரம், மிகப் பழைய கிரானைட் பாறையின்மீது பிற்காலத்துக் குவார்ட்சைட் பாறை படிந்துள்ளதைக் காணலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. அங்குச் செல்ல இயலாத பள்ளிகளுக்கு ஊர்ப்புறத்தில் புதிதாக வெட்டிய கிணறே போதும். பாதுகாப்பான தொலைவில் நின்று, மேல்மண், சரளை, மக்கிய பாறை, கெட்டிப்பாறை என மாணவர் வரிசையாக வரைந்துகொள்ளட்டும். எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது, நடுவே எது இல்லை என்று வினவப் பழகிய கண்ணுக்குக் கண்ணாடித் தளம் தேவைப்படாது.