பெயர் சொல்லப்படாத நோய்

அரபு நாடுகளில் பல குடும்பங்கள் புற்றுநோயின் பெயரை உச்சரிப்பதில்லை. 'அந்த நோய்' என்றே குறிப்பிடுகின்றன. மகளின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சம், ஆண் மருத்துவர் பரிசோதிப்பாரோ என்ற கூச்சம் ஆகியவற்றால், மார்பில் கட்டியை உணர்ந்த பெண் மாதக்கணக்கில் மௌனம் காக்கிறாள். வலியில்லாததும் அவளைத் தவறாகத் தேற்றுகிறது. தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் அறிவோம்.

அந்நாடுகளில் இந்நோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ 10 ஆண்டுகள் முன்னதாக, 50 வயதையொட்டியே பலருக்குக் கண்டறியப்படுகிறது. மக்கள்தொகையில் இளையோர் மிகுந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். எனவே, 'எனக்கு இன்னும் வயதாகவில்லையே' என்ற எண்ணம் பாதுகாப்பாகாது.

மௌனத்தைக் கலைத்தவர்களுள் ஒருவர் சவூதி அரேபியாவின் ஜித்தா நகர மகப்பேறு மருத்துவர் சாமியா அல்-அமூதி. 2006-இல் தமக்கு மார்பகப் புற்றுநோய் என அறிந்தபின், அதை மறைக்காமல் நாளிதழில் எழுதினார். 2007-இல் ஜோர்டானில் மார்பகப் புற்றுநோய்த் திட்டம் உருவானது. 2019-இல் எகிப்து அரசு பெண்களுக்கு இலவச மார்பகப் பரிசோதனையைத் தொடங்கியது.

ஆயினும், எந்தத் திட்டமும் ஒரு பெண் வாய்திறந்த பின்னரே அவளுக்குப் பயன்படும். இது எல்லா நாட்டினருக்கும் பொருந்தும். கட்டி, காம்பில் இரத்தக்கசிவு, காம்பு உள்வாங்குதல், தோலில் குழிவு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் வாருங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. பரிசோதித்தால்தான் அது உறுதியாகும். 40 வயதைக் கடந்தவர்கள் மேமோகிராம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமெனில் தயங்காமல் கூறுங்கள். கணவரும் பிள்ளைகளும் உடன் வந்தால், அவளது அச்சம் பாதி குறையும்.