நெமிலிச்சேரியில் ஒரு ஒயர்லெஸ் கம்பம்

2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-இல் வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். மூன்று முறையும் சென்னையில் பல இடங்களில் முதலில் கரன்ட் போனது; சில மணி நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது. நிர்வாகத்தைத் திட்டித் தீர்த்துவிடலாம்தான், ஆனால் கோளாறு செல்போன் அமைப்பின் இயல்பிலேயே இருக்கிறது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேச வேண்டுமென்றால் ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு டவர் நட்டாக வேண்டும். ஒவ்வொரு டவருக்கும் மின்சாரம் வேண்டும், பேட்டரி வேண்டும், டீசல் வேண்டும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே சாலைகள் மூழ்கிக் கிடக்கும்போது அத்தனைக்கும் யார் டீசல் சுமப்பது? மாற்று ஏற்பாடு என்றால் அது மிகக் குறைந்த கம்பங்களில் ஓட வேண்டும். அதற்கான தொழில்நுட்பம் பழையது: 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும், 'லோ பேண்ட்' எனப்படும் இருவழி ஒயர்லெஸ்.

அந்தக் கம்பத்தை நட நெமிலிச்சேரியைவிடப் பொருத்தமான இடம் ஆவடிப் பக்கத்தில் இல்லை என்பது என் கணிப்பு. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையின் ஏறக்குறைய நடுப்புள்ளி இது. நேர்க்கோட்டில் அளந்தால் செம்பரம்பாக்கம், அம்பத்தூர், புழல், திருவள்ளூர் எல்லாம் சுமார் 15 கிலோமீட்டருக்குள் அடங்கும்; பூண்டி 25-க்குள். பூமியின் வளைவு மறைக்காமல் ரேடியோ அலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆன்டெனா ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 மீட்டர் கம்பம், 2 மீட்டர் உயரத்தில் ஜீப்பின் ஆன்டெனா என்றால் 28 கிலோமீட்டர். மீஞ்சூர் மட்டும் விளிம்பில் நிற்கும். அங்கேதான் லோ பேண்ட் கைகொடுக்கிறது: 40 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏழரை மீட்டர். அவ்வளவு நீண்ட அலை கட்டடத்தையும் தோப்பையும் ஓரளவு வளைந்து கடக்கும், பூமியின் விளிம்பையும் கொஞ்சம் தாண்டும். செல்போனின் சாண் நீள அலைக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

காகிதக் கணக்கு என்று இதைத் தள்ள முடியாது. 1940-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலப் போலீசுக்காகப் பேராசிரியர் டேனியல் நோபிள் வடிவமைத்த எஃப்.எம். ஒயர்லெஸ், மாநிலம் முழுவதையும் சில நிலையங்களால் இணைத்தது. அது இந்த அலைவரிசைப் பகுதியில்தான் ஓடியது. மலையும் பாலைவனமுமாக விரிந்த கலிபோர்னியாவில் நெடுஞ்சாலைப் போலீஸ் பல பத்தாண்டுகளாக லோ பேண்டை நம்பி வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கிகளின் தலையில் ஆடும் நீளக் கம்பியைப் பாருங்கள். உலகெங்கும் ராணுவங்கள் களத்தில் பேசிக்கொள்வது 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸில். அதற்கான செட்டுகளை நம் பாரத் எலெக்ட்ரானிக்ஸே தயாரிக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் குறைகளில் முதலாவது இரைச்சல். எல்.இ.டி. பல்பு, மோட்டார், உயரழுத்தக் கம்பி, அரக்கோணம் மார்க்கத்தின் 25,000 வோல்ட் ரயில் பாதை எல்லாமே இந்த அலைவரிசையில் கரகரப்பைக் கொட்டும். உண்மைதான். ஆனால் இந்த ஒயர்லெஸ் தேவைப்படுவதே கரன்ட் போன பிறகு; அப்போது ஊரோடு சேர்ந்து இரைச்சலும் பெருமளவு அடங்கிவிடும். மிஞ்சுவது ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும். இரண்டாவது குறை இன்னும் நியாயமானது: கால் அலை ஆன்டெனாவே ஏறத்தாழ 1.9 மீட்டர், அதைக் கையில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க முடியாது. கையடக்க செட்டுக்கு லோ பேண்ட் லாயக்கில்லை என்பதை ஒப்புக்கொண்டே திட்டமிட வேண்டும். ஜீப், தாலுகா அலுவலகம், ஏரி மதகு ஆகிய இடங்களில் லோ பேண்ட். படகில் போகிறவர் கையில் வழக்கமான வாக்கி டாக்கி. இரண்டுக்கும் இடையே ஜீப்பில் இருப்பவர் தகவலைக் கைமாற்ற வேண்டும். வந்த பேச்சைத் தானாகவே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வைக்கும் ஆசையையும் விட்டுவிடலாம். ஒரே கம்பத்தில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் இந்த அலைவரிசைக்குப் பெரிய பெரிய வடிகட்டிகள் தேவைப்படும். நெமிலிச்சேரியில் மைக் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து, பூண்டியிலிருந்து வந்த செய்தியைத் திருப்பிச் சொன்னால் வண்டலூர் வரை எல்லோர் காதிலும் விழும். செல்போனில் அதே செய்திக்கு எத்தனை அழைப்பு!

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இருக்கிறார்களே என்பார்கள். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பிய பாரதி பிரசாத்தின் பணி மறக்கக்கூடியதல்ல. ஆனால் அவர் அமெச்சூர் ரேடியோப் பணிக்காக அந்த மாதம் அங்கே போயிருந்தது தற்செயல். தற்செயலை நம்பி மாவட்ட நிர்வாகம் நடத்த முடியாது. சாட்டிலைட் போன் கலெக்டர் கையில் இருக்கட்டும், நல்லதுதான். மதகுக் காவலர் ஒவ்வொருவருக்கும் அதை வாங்கித் தருவது நடக்காது.

மின்சாரத் தேவையோ ஒரு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி அளவுதான். 100 வாட் செட் பேசும்போது சுமார் 22 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது அரை ஆம்பியர். மணிக்கு ஐந்து நிமிடம் பேசினால் 150 ஏ.எச். பேட்டரி ஒன்று இரண்டு நாள் தாங்கும். கஷ்டம் கம்பத்திலோ பேட்டரியிலோ இல்லை, கோப்பில் இருக்கிறது. 2022 ஏலத்தில் அரசு விற்பனைக்கு வைத்த அலைவரிசைகளில் மிகக் குறைந்ததே 600 மெகாஹெர்ட்ஸ். 40-ஐ எந்த செல்போன் கம்பெனியும் கேட்டு வரப்போவதில்லை. ஆனால் ராணுவம் அங்கே இருக்கிறது. அதனுடன் மோதாத சேனலை டெல்லியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஒயர்லெஸ் பிரிவுதான் ஒதுக்க வேண்டும். கம்பத்தின் உயரத்துக்கும் தனி அனுமதி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் செட்டுகளைப் பொருத்தி, மதகுக் காவலர்களைப் பேசிப் பழக வைக்க வேண்டுமென்றால் விண்ணப்பம் முந்தைய பொங்கலுக்குள் டெல்லி போயாக வேண்டும்.