ஆட்குறைப்பிற் பணிமூப்பு

மறைமலைநகர்ப் போர்டு மோட்டார்த் தொழிற்சாலையிலிருந்து 2022 ஜூலையிற் கடைசிக் கார் வெளிப்போந்தது. அக்காலத்து, அதே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த புதுப்பட்டினத்திலே யாம் பலகாற் கேட்ட வினா ஒன்றுண்டு: "பின்னே வந்தவனை அனுப்பிவிட்டு, முன்னே வந்தவனை வைத்துக்கொள்ளலாகாதா?" ஆலை முழுதும் மூடப்படுங்கால் இவ்வினாவுக்கு இடமில்லை, முன்னவரும் பின்னவரும் ஒருங்கே வெளியேறுவர். சிலரை மட்டும் நீக்கும் ஆட்குறைப்பிலேதான் வரிசை பொருட்டாகின்றது.

அவ்வரிசையை வகுப்பவர் யாவர் என்பது பழைய வழக்கு. 1928-இல் தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியார் பொன்மலைப் பணிமனையை முன்னிட்டு ஆட்களைக் குறைக்க முற்பட்டு, தொழிலாளர்க்குத் திறமைச் சோதனை வைக்கக் கருதினர். பல்லாண்டு சுத்தியல் பிடித்த கை ஒருநாட் சோதனையாற் கழிவதைத் தொழிலாளர் ஏற்றிலர். ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. சிங்காரவேலர் சிறை புகுந்தார்.

பின்னர்ச் சட்டம் வந்தது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இற் சேர்க்கப்பட்ட 25ஜி பிரிவு, வேறு உடன்படிக்கை இல்லாவிடத்து, ஒரு வகைப் பணியிற் கடைசியாகச் சேர்ந்தவரே சாதாரணமாக முதலில் நீக்கப்படவேண்டும் என்றது. முதலாளி இதனை மீறின் காரணத்தை எழுதிவைத்தல் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் இந்நெறி நிலைத்துள்ளது.

இங்கே 'ஒரு வகைப் பணி' என்னுஞ் சொல்லை உற்று நோக்குக. ஒரு பட்டறையிற் கடைசற் பிரிவு மட்டும் எடுபடுகின்றது என்று கொள்வோம். இருபதாண்டு கடைசல் பிடித்தவர் வெளியேறுவார். சரக்கறையில் மூன்றாண்டு உதவியாளாயிருப்பவர் தங்குவார். இருவரும் வேறு வகையினராதலின் சட்டம் குறுக்கே நில்லாது.

அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் பல, தம் உடன்படிக்கைகளில் இவ்விடைவெளியை அடைத்துள்ளன. இடமிழந்த மூத்தவர், தாம் செய்யவல்ல வேறொரு பணியிலுள்ள இளையவரை அகற்றி அவ்விடத்து அமரலாம். அகற்றப்பட்டவர் தம்மினும் இளையவரை அகற்றலாம். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராய்ச் சென்று, முடிவில் யாவரினும் புதியவரே வாயிலைக் கடப்பார். கூலி குறையினும் மூத்தவர்க்கு அடுப்பு எரியும்.

இதற்கும் ஒரு கசப்புண்டு. நெடுங்காலம் கதவடைக்கப்பட்டவரே புதியவராக வருவர் அன்றோ? மெம்பிசு நகரத் தீயணைப்புத் துறையில் 1981-இல் ஆட்குறைப்பு நேர்ந்தபோது, அண்மையிற் சேர்ந்த கறுப்பினத்தார்க்கே அது பெரிதும் இடராயிற்று. 1984-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் பணிமூப்பின் பக்கமே தீர்த்தது. திராட்சத்தோட்டத்து உவமையிலே கடைசி மணிக்கு வந்தோனும் ஒத்த கூலி பெற்றான். இந்நெறியோ அவனையே முதலில் அனுப்புகின்றது. எனினும் மேலாளின் விருப்பு வெறுப்பைக் கட்டுதற்கு இதனினும் எளிய கயிறு யாம் கண்டிலேம்.

ஆட்குறைப்புக்கு ஏழு நாட்களேனும் முன்னதாக மூப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என 1957ஆம் ஆண்டு மைய விதிகள் கூறின. தம் பெயர் எவ்விடத்து நிற்கின்றது, சேர்ந்த நாள் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று தொழிலாளர் அன்றே பார்த்துக்கொள்ள இயலும். ஒப்பந்தக்காரர்வழி வந்து, பக்கத்திலேயே நின்று அதே வேலையைச் செய்பவர் எத்துணை ஆண்டு உழைத்திருப்பினும், ஆலையின் அப்பட்டியலில் அவர் பெயர் இராது.