பருவம் அறிந்து பிடிக்கும் கிங் சால்மன்

விளைபொருளின் தரம் சந்தையில் உண்டாவதில்லை. எந்தக் கட்டத்தில் அறுவடை செய்கிறோம், அறுத்தபின் எப்படிப் பக்குவப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே தரமும் விலையும் அமைகின்றன. நெல்லுக்கும் மாம்பழத்துக்கும் உள்ள இந்த விதி மீனுக்கும் பொருந்தும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, வட பசிபிக் கடலில் இயற்கையாக வளரும் கிங் சால்மன் மீனாகும்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளுக்கு ஐந்து வகைப் பசிபிக் சால்மன் மீன்கள் வருகின்றன. அவற்றுள் உருவில் பெரியது இதுவே. சினூக் என்ற பெயரும் இதற்கு உண்டு. 1949-ஆம் ஆண்டில் அலாஸ்காவில் பிடிபட்ட ஒரு மீன் 57 கிலோ எடை இருந்தது. நம் கடற்கரைச் சந்தைகளில் 'இந்தியன் சால்மன்' என்ற பெயரில் விற்கப்படும் காலா மீன் முற்றிலும் வேறு இனம். ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி மலை ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரவுட் மீன் கிங் சால்மனுக்கு நெருங்கிய உறவாகும்.

பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு

கிங் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, மீண்டும் ஆற்றுக்கே திரும்புகிறது. தாய்மீன் ஓடையின் கூழாங்கற்களிடையே பள்ளம் பறித்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் சில மாதங்களோ, ஓராண்டுக்கு மேலோ ஆற்றில் தங்கியபின் கடலுக்குச் செல்லும். அங்கு சில ஆண்டுகள் சிறு மீன்களையும் இறால் இனங்களையும் தின்று கொழுக்கும். பிறகு தான் பிறந்த ஓடையின் வாசனையை அறிந்து அங்கேயே வந்து சேரும்.

ஆற்றுக்குள் நுழைந்ததும் இம்மீன் இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவதற்கும், உடலில் முட்டையோ விந்தோ முதிர்வதற்கும் கடலில் சேர்த்த கொழுப்பே எரிபொருள். பயணம் நெடியதாக இருந்தால் சேமிப்பும் அதிகம் வேண்டும். 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள யூகான் ஆற்றில் ஏறும் மீன்கள் மிகுந்த கொழுப்புள்ளவை என்று பெயர் பெற்றதற்கு இதுவே காரணம். முட்டையிட்டு முடிந்ததும் தாயும் தந்தையும் இறந்துவிடும்.

நாம் சுவை என்று பாராட்டுவது இந்த வழிப்பயணச் சேமிப்பைத்தான். 100 கிராம் பச்சை மீனில் சுமார் 20 கிராம் புரதமும் 10 கிராம் கொழுப்பும் உள்ளன. இதயத்துக்கு நலம் தரும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் மிகுதி. இறால் இனங்களில் உள்ள நிறமியால் சதை செந்நிறம் பெறுகிறது. அந்நிறமியைச் சதையில் தேக்கிவைக்கும் மரபுப் பண்பு இல்லாத சில மீன்கள் வெண்ணிறச் சதை கொண்டிருக்கும். அவையும் உண்ண ஏற்றவையே.

எது நல்ல பருவம்?

மீன் கடலை விட்டு ஆற்று முகத்துக்கு வரும் சில வாரங்களே நல்ல பருவமாகும். அப்போது தோல் வெள்ளிபோல் மின்னும், சதை இறுகியிருக்கும். ஆற்றில் ஏற ஏறக் கொழுப்பு கரைந்து, தோல் கருத்துச் சிவந்து, சதை வெளிறிவிடும். அலாஸ்காவின் காப்பர் ஆற்று முகத்தில் மே மாத நடுவில் மீன்பிடிப்பு தொடங்குகிறது. முதல் மீன்கள் விமானத்தில் சியாட்டில் நகருக்குப் போகின்றன.

இந்த வரவேற்பு பழங்காலத்திலிருந்து வந்ததன்று. 1980-களின் தொடக்கம் வரை காப்பர் ஆற்று மீனில் பெரும்பகுதி தகர டப்பாக்களில் அடைக்கப்பட்டது, அல்லது உறைநிலையில் ஏற்றுமதியானது. 1983-இல் சியாட்டிலைச் சேர்ந்த ஜான் ரௌலி என்ற கடலுணவு ஆலோசகர் மீனவர்களிடம் ஒரு யோசனை கூறினார். பிடித்த உடனே படகிலேயே செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட வேண்டும். பிறகு பனிக்கட்டியில் வைக்க வேண்டும் என்பதே அது. அப்படிப் பக்குவம் செய்த மீனைச் சில உணவகங்களுக்கு அளித்தார். அதே ஆறு, அதே மீன். ஆனால் டப்பாவுக்குப் போன சரக்கு பருவத்துக்குக் காத்திருந்து வாங்கும் பொருளாகிவிட்டது.

இதன் காரணம் எளிது. தேங்கிய இரத்தம் சதையைக் கறைப்படுத்தி, துர்வாடையை உண்டாக்கும். வெப்பம் கூடினால் பாக்டீரியாக்களும் நொதிகளும் விரைந்து வேலை செய்யும். வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தால் சதை அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். எனவே இரத்தம் வடித்தல், குளிர்வித்தல், மென்மையாகக் கையாளுதல் ஆகிய மூன்றும் அவசியம்.

ஆறு இல்லையேல் மீன் இல்லை

இறந்த சால்மன்கள் கரடிகளுக்கும் பறவைகளுக்கும் உணவாகி, கரையோரக் காடுகளுக்கு உரமாகின்றன. கடலிலிருந்து வந்த தழைச்சத்து ஆற்றங்கரை மரங்களில் சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தச் சுழற்சி இன்று அறுபட்டு வருகிறது. ஏணி வழி இல்லாத அணைகள் பல ஆறுகளை அடைத்தன. நீர் வெப்பமடைவதும் நோயும் மீனை வாட்டுகின்றன. திரும்பி வரும் கிங் சால்மன்கள் முன்னைவிடச் சிறியனவாகவும் வயது குறைந்தனவாகவும் உள்ளன. சிறிய தாய்மீன் இடும் முட்டைகளும் குறைவு. கலிபோர்னியாவில் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சால்மன் மீன்பிடிப்பு முழுவதும் நிறுத்தப்பட்டது. யூகான் ஆற்றில் கனடாப் பகுதிக்குச் செல்லும் கிங் சால்மனை ஏழாண்டுகள் பிடிப்பதில்லை என்று அலாஸ்காவும் கனடாவும் 2024-இல் உடன்பட்டன. கோடையில் மீனை உலர்த்திப் புகையூட்டிக் குளிர்காலத்துக்குச் சேமித்துவந்த ஆற்றங்கரைப் பழங்குடி மக்களுக்கு இது பெரும் இழப்பாகும். அவர்களுடைய சமையலறை வெறுமையாவதுடன், பிள்ளைகள் பெற்றோரிடம் இத்தொழிலைக் கற்கும் பருவமும் கைநழுவிப் போகிறது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024-இல் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 1912-க்குப் பின் முதல் முறையாக, அணைகள் இருந்த இடத்துக்கு மேலேயுள்ள ஓடை ஒன்றில் கிங் சால்மன் காணப்பட்டது. வழி திறந்தால் மீன் வரும் என்பதற்கு இது சான்று.

நம் மீனவ அன்பர்கள் இதிலிருந்து அறிய வேண்டியவை இரண்டு. பனிக்கட்டிக்குச் செலவிடும் பணம் வீணன்று. மீன் வலையிலிருந்து படகுக்கு வந்ததுமே குளிர்விக்க வேண்டும். அடுத்து, முட்டையிடப் போகும் தாய்மீன் விதைநெல்லுக்கு ஒப்பானது. விதைநெல்லை உண்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு விதைப்பதற்கு ஏதும் இராது.