வலைச் செயலியில் சமூகக் கணக்கு உள்நுழைவு

சமூகக் கணக்கு உள்நுழைவு என்பது, ஒரு வலைச் செயலிக்கெனப் புதிய கடவுச்சொல் உருவாக்காமல், கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் போன்ற நிறுவனங்களில் பயனர் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கைக் கொண்டு அச்செயலிக்குள் நுழையும் முறையாகும். பயனரின் கடவுச்சொல் செயலிக்குத் தெரிவதில்லை. அவர் யார் என்பதைக் கணக்கு வழங்குநர் உறுதிசெய்து ஒரு டோக்கன் தருகிறார்; செயலியின் ஏ.பி.ஐ. அந்த டோக்கனைச் சோதித்து அவரை ஏற்கிறது. கடவுச்சொல்லைக் காக்கும் பொறுப்பு இதனால் செயலியை விட்டு நீங்குகிறது. ஆனால் டோக்கனைச் சோதிக்கும் பொறுப்பும், உள்ளே வந்தவர் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று முடிவுசெய்யும் பொறுப்பும் செயலியிடமே இருக்கின்றன.

தரநிலைகள்

இம்முறை இரண்டு தரநிலைகளின் மேல் அமைந்துள்ளது. முதலாவது, 2012 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 6749 ஆக வெளியான ஓஆத் 2.0. ஒரு சேவையில் உள்ள தன் தரவை மற்றொரு செயலி அணுகப் பயனர் அனுமதி தரும் வழியை இது வரையறுக்கிறது. வந்திருப்பவர் யார் என்று சொல்வது இதன் நோக்கமன்று. அந்தத் தேவைக்காக ஓஆத் 2.0 மீது கட்டப்பட்டு 2014 பிப்ரவரியில் வெளியானது ஓப்பன் ஐடி கனெக்ட்.

இதனால் இரு வகை டோக்கன்கள் உள்ளன. அணுகல் டோக்கன் வழங்குநரின் ஏ.பி.ஐ.யில் தரவைக் கேட்பதற்கானது. அடையாள டோக்கன், நுழைந்தவர் யார் என்று செயலிக்குச் சொல்வதற்கானது. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுப்பது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழையாகும்.

செயல்படும் விதம்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் மலர்ச் சந்தை உள்ளது. அங்குப் பூ கொண்டுவரும் விவசாயிகள், தாங்கள் போட்ட பூவின் எடை, அன்றைய விலை, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றைப் பார்க்க ஒரு வலைச் செயலி உருவாக்கப்படுவதாகக் கொள்வோம். அதில் உள்நுழைவு பின்வருமாறு நடக்கும்:

1. விவசாயி 'கூகுள் மூலம் நுழைக' என்ற பொத்தானை அழுத்துகிறார். செயலி தன் அடையாள எண், திரும்பி வரவேண்டிய முகவரி, ஊகிக்க முடியாத 'ஸ்டேட்' மதிப்பு ஆகியவற்றுடன் அவரைக் கூகுளின் பக்கத்துக்கு அனுப்புகிறது.
2. அவர் கூகுளில் நுழைந்து ஒப்புதல் தருகிறார்.
3. கூகுள், முன்பே பதிவுசெய்யப்பட்ட முகவரிக்கு, சிறிது நேரமே செல்லுபடியாகும் ஒரு குறியீட்டுடன் அவரைத் திருப்பி அனுப்புகிறது.
4. ஏ.பி.ஐ. சேவையகம் 'ஸ்டேட்' மதிப்பை ஒப்பிடுகிறது. பிறகு அக்குறியீட்டையும் தன் இரகசியச் சாவியையும் கூகுளுக்கு நேரடியாக அனுப்பி டோக்கன்களைப் பெறுகிறது.
5. அடையாள டோக்கனைச் சரிபார்த்து, அவரைத் தரவுத்தளத்தில் கண்டறிந்து, அல்லது புதிதாகச் சேர்த்து, தனக்கே உரிய அமர்வு ஒன்றை வழங்குகிறது. அடுத்து வரும் கோரிக்கைகள் அனைத்தும் இந்த அமர்வைக் கொண்டே ஏற்கப்படுகின்றன.

கைப்பேசிச் செயலிக்குள் இரகசியச் சாவியை வைத்தால் அது இரகசியமாக இருக்காது. எனவே 2015-இல் ஆர்.எஃப்.சி. 7636 ஆக வெளியான பி.கே.சி.இ. என்ற கூடுதல் பாதுகாப்பு அங்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு உள்நுழைவுக்கும் செயலி ஒரு புதிய இரகசியத்தை உருவாக்குவதால், இடையில் குறியீட்டைத் திருடியவரால் அதை டோக்கனாக மாற்ற முடியாது. இப்போது இது வலைச் செயலிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

டோக்கனைச் சரிபார்த்தல்

நியாயவிலைக் கடையில் பொங்கல் பரிசுக்குத் தரப்படும் டோக்கன் குறிப்பிட்ட கடைக்கும் குறிப்பிட்ட நாளுக்கும் உரியது. அடையாள டோக்கனும் அப்படித்தான். ஏ.பி.ஐ. குறைந்தது நான்கைப் பார்க்க வேண்டும்: டோக்கனில் உள்ள கையொப்பம் வழங்குநரின் பொதுச் சாவியுடன் பொருந்துகிறதா, வழங்கியவர் எதிர்பார்த்த நிறுவனம்தானா, டோக்கன் இந்தச் செயலிக்காகத்தான் வழங்கப்பட்டதா, காலம் கடந்துவிட்டதா.

இவற்றில் மூன்றாவது பெரும்பாலும் விடுபடுகிறது. அதை விட்டால், வேறொரு விளையாட்டுச் செயலிக்காக விவசாயி பெற்ற டோக்கனை அச்செயலியை நடத்துபவர் எடுத்து, பூச்சந்தைச் செயலியில் அந்த விவசாயியாகவே நுழைய முடியும். டோக்கன் உண்மையானது, கையொப்பமும் சரியானது. ஆனால் அது இந்தக் கடைக்குரிய டோக்கன் அல்ல. வழங்குநர் அணுகல் டோக்கன் மட்டும் தரும் இடங்களில், அது எந்தச் செயலிக்கு உரியது என்று வழங்குநரிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

அடையாளமும் உரிமையும்

உள்நுழைவு சரியாக நடந்தாலும் ஏ.பி.ஐ. பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இதற்குத் தெளிவான சான்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2015-இல் ஃபேஸ்புக்கில் கண்டறிந்த பிழை. ஃபேஸ்புக்கின் கைப்பேசிச் செயலிக்குரிய தன் அணுகல் டோக்கனைக் கொண்டு, பிறருடைய புகைப்படத் தொகுப்புகளையும் கிராஃப் ஏ.பி.ஐ. வழியாக அழிக்க முடிவதை அவர் காட்டினார். டோக்கன் செல்லுபடியாவதை ஏ.பி.ஐ. பார்த்தது, அழிக்கப்படும் தொகுப்பு டோக்கனுக்கு உரியவருடையதா என்று பார்க்கவில்லை. நிறுவனம் சுமார் இரண்டு மணி நேரத்தில் பிழையைச் சரிசெய்து அவருக்கு 12,500 டாலர் பரிசளித்தது.

பூச்சந்தைச் செயலியிலும் இதே பிழை நேரலாம். பட்டியல் எண் 512-ஐப் பார்க்க உரிமையுள்ள விவசாயி, கோரிக்கையில் 513 என்று மாற்றினால் அடுத்தவரின் கணக்கு திறக்கக் கூடாது. ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்தப் பட்டியலின் உரிமையாளரை அமர்வில் உள்ள பயனருடன் ஏ.பி.ஐ. ஒப்பிட வேண்டும்.

மின்னஞ்சல் அடையாளம் அல்ல

பயனரைத் தரவுத்தளத்தில் மின்னஞ்சலைக் கொண்டு தேடுவது எளிது, ஆனால் ஆபத்தானது. மின்னஞ்சல் முகவரி மாறலாம். சில வழங்குநர்கள் உறுதிசெய்யாத முகவரியையும் தரக்கூடும். மாறாத அடையாளமாக டோக்கனில் 'எஸ்.யூ.பி.' என்ற புலம் உள்ளது. வழங்குநரின் பெயரையும் இந்தப் புலத்தையும் சேர்த்துச் சேமிப்பதே முறையாகும்.

2020 ஏப்ரலில் இந்திய ஆய்வாளர் பாவுக் ஜெயின், 'ஆப்பிள் மூலம் நுழைக' வசதியில் எந்த மின்னஞ்சல் முகவரிக்கும் செல்லுபடியாகும் டோக்கனைப் பெற முடிவதைக் கண்டறிந்தார். தமக்கெனக் கூடுதல் பாதுகாப்பு வைத்திராத செயலிகளில் பிறர் கணக்குகள் கைப்பற்றப்படும் வாய்ப்பு இருந்தது. ஆப்பிள் பிழையைத் திருத்தி 1,00,000 டாலர் வழங்கியது. இது தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்குச் சான்று இல்லை என்றும் தெரிவித்தது.

சோகோவின் நடைமுறை

சங்கரன்கோவில் அமைந்துள்ள அதே தென்காசி மாவட்டத்தில், மத்தளம்பாறையில் சோகோ நிறுவனத்தின் அலுவலகம் உள்ளது. சோகோவின் உள்நுழைவுப் பக்கம் கூகுள் போன்ற பிற கணக்குகளை ஏற்கிறது. அதன் ஏ.பி.ஐ.களை அணுக ஓஆத் 2.0 பயன்படுகிறது. அணுகல் டோக்கன் ஒரு மணி நேரமே செல்லும்; அதன்பின் புதுப்பிப்பு டோக்கனைக் கொண்டு புதியது பெறப்படுகிறது. எந்தச் சேவையில் எந்தச் செயலுக்கு அனுமதி என்பதும் தனித்தனியே குறிக்கப்படுகிறது. டோக்கன் ஒன்று திருடுபோனாலும் இழப்பு அந்த நேரத்துக்கும் அந்த அனுமதிக்கும் உள்ளேயே அடங்கும்.

மாற்று வழி

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, அக்கணக்கைக் கொண்டே பிற தளங்களில் நுழைந்து வந்தவர்களும் வெளியே நிற்க நேர்ந்தது. கூகுள் பிளஸ் உள்நுழைவு 2019 மார்ச்சில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. கைப்பேசிக் கடையில் அமைத்துத் தரப்பட்ட கணக்கின் கடவுச்சொல் உரியவருக்கே தெரியாமல் இருப்பதும், ஒரு வீட்டில் பலர் ஒரே கணக்கைப் பகிர்வதும் உண்டு. எனவே ஒரே பயனருடன் இரண்டு உள்நுழைவு வழிகளையாவது இணைக்க ஏ.பி.ஐ. இடம் தர வேண்டும். புதிய வழியை இணைக்கும் முன், பயனர் பழைய வழியில் மீண்டும் நுழைந்து காட்ட வேண்டும். கடைசியாக எஞ்சியுள்ள வழியை நீக்க அனுமதிக்கக் கூடாது.

கேட்கும் தகவலும் குறைவாக இருக்க வேண்டும். தனிநபர் ஒப்புதலின் பேரில் பெறும் தரவு குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவில் இருக்க வேண்டும் என்பது இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறியாகும். பூ விலை பார்க்க வருபவரிடம் அடையாளமும் பெயரும் போதும். அவருடைய தொடர்புப் பட்டியல் தேவையில்லை.