இயங்கும் சிற்பங்கள்

சிறிதும் அசையாமல் நிற்பவனைச் 'சிலைபோல் நின்றான்' என்று கூறுதல் நம் மக்கள் வழக்கு. சிலைக்கு உரிய இயல்பு அசையாமையே என்னும் எண்ணம் நம் மொழியில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது. கல்லிலும் மரத்திலும் செம்பிலும் அமைந்த உருவம், சிற்பி நிறுத்திய இடத்தில், நிறுத்திய வண்ணமே நிற்கும். காண்போர்தாம் அதனைச் சுற்றி வருதல் வேண்டும். ஆயினும், 20ஆம் நூற்றாண்டின் சிற்பிகள் சிலர் இவ்வெண்ணத்தை மாற்றினர். சிற்பமும் அசையலாம்; அவ்வசைவே அதன் உயிராகவும் அமையலாம் என அவர்கள் கருதினர். அவர்கள் படைத்தவை இயங்கு சிற்பங்கள் எனப்படும்.

பழைய சிற்பிகள் அசைவைக் கருதவில்லை என எண்ணுதல் தவறாகும். விழுப்புரம் மாவட்டத்து முகையூருக்கு அருகில் உள்ளது திருக்கோவலூர். அங்குள்ள உலகளந்த பெருமாள் ஓரடியை நிலத்தில் ஊன்றி, மற்றோர் அடியை வானோக்கித் தூக்கி நிற்கிறார். உருவம் அசைவதில்லை, எனினும், உலகை அளக்கும் அச்செயல் நம் கண்முன்னே நிகழ்கிறது. சோழர் காலத்து ஆடவல்லான் திருமேனிகளிலும் இத்திறத்தைக் காணலாம். வளைந்த முழங்கால், எடுத்த பாதம், இரு மருங்கும் பறக்கும் சடை ஆகியவை, ஆட்டம் இப்பொழுதும் நடைபெறுகிறது என்னும் உணர்வை எழுப்புகின்றன. சென்னை அருங்காட்சியகத்து ஆடவல்லான் திருமேனிகளின் நிழற்படங்களைக் கண்டு வியந்த பிரெஞ்சுச் சிற்பி ரோதின், அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அது 1921ஆம் ஆண்டில் அச்சில் வெளிவந்தது. சென்னைக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலையும் இவ்வகையைச் சார்ந்ததே. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலையில், பாறையைப் பெயர்க்க முனையும் நால்வரின் தசைமுறுக்கில் அவர்தம் உழைப்பின் விசையைக் காண்கிறோம்.

இவையெல்லாம் அசைவை நினைவூட்டும் சிற்பங்கள். அசைவதுபோல் தோன்றுவது வேறு. உண்மையில் அசைவது வேறு. புதிய சிற்பிகள் இரண்டாவது வழியை நாடினர். அவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர் உருசிய நாட்டில் பிறந்த நாவும் காபோ. அவர் 1919-20ஆம் ஆண்டுகளில் ஒரு புதுமையான சிற்பத்தை அமைத்தார். அதில் இருந்தது ஒரே ஓர் எஃகுக் கம்பிதான். அடியிலுள்ள மின்பொறி அதனை விரைந்து அதிரச் செய்யும். அப்பொழுது கம்பி கண்ணுக்குப் புலனாகாமல், அலைபோல் வளைந்து பருத்த ஓர் உருவம் வெளியில் தோன்றும். பொறியை நிறுத்தினால் உருவம் மறையும். கம்பி மட்டும் எஞ்சும்.

இவ்விந்தை நமக்குப் புதியதன்று. இருளில் கொள்ளிக்கட்டையை வேகமாகச் சுழற்றினால் நெருப்பு வளையம் ஒன்று தோன்றும். அதனைக் கொள்ளிவட்டம் என்பர். சிலம்பம் வீசுவோன் கையிலுள்ள ஒற்றைக் கோலும் அவ்வாறே ஒரு சக்கரமாகத் தெரியும். வளையமும் சக்கரமும் பொருளாக எங்கும் இல்லை. இயக்கம் உள்ளவரை அவையும் உள்ளன. இவ்வுண்மையைச் சிற்பத்திற்கு உரிய பொருளாகக் கொண்டதே காபோவின் சிறப்பாகும்.

இயங்கு சிற்பத்தை உலகறியச் செய்தவர் அமெரிக்கச் சிற்பியாகிய அலெக்சாண்டர் கால்டர். அவர் 1898ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தையும் பாட்டனும் சிற்பிகள். எனினும், அவர் முதலில் பயின்றது இயந்திரப் பொறியியலே. 1919ஆம் ஆண்டில் அதில் பட்டம் பெற்றார். பின்னரே கலையில் ஈடுபட்டார். மெல்லிய உலோகத் தகடுகளை வெட்டி, வண்ணம் பூசி, கம்பிகளில் கோத்துத் தொங்கவிட்டார். அவருடைய அசையும் சிற்பங்களுக்கு மார்செல் துசாம்ப் என்னும் கலைஞர் 1931ஆம் ஆண்டில் 'மொபைல்' எனப் பெயரிட்டார். இன்று கைப்பேசியைக் குறிக்க வழங்கும் அச்சொல், கலையுலகில் தொங்கி அசையும் சிற்பத்தைக் குறிக்கிறது. கால்டர் 1955ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்தார். அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கி, அங்கேயே சிற்பங்கள் சிலவற்றைச் செய்தளித்தார்.

அசையும் சிற்பத்தின் உயிர்நிலை சமநிலையே. நடுவே நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு கோலை எண்ணிப் பார்க்கலாம். நூலிலிருந்து 10 செ.மீ. தொலைவில் 200 கிராம் எடையுள்ள தகடு ஒன்று ஒருபுறம் தொங்குகிறது. மறுபுறம் 50 கிராம் தகட்டை 40 செ.மீ. தொலைவில் தொங்கவிட்டால் கோல் சாயாமல் நிற்கும். எடையையும் தொலைவையும் பெருக்கிவரும் தொகை இரு புறமும் ஒத்திருத்தல் வேண்டும், இதுவே விதி. எனவே, பெரியதற்கு எதிரே பெரியதைத்தான் வைக்கவேண்டும் என்பதில்லை. சிறியது சற்று விலகி நின்று பெரியதைத் தாங்க வல்லது. இவ்வாறு சமன்செய்த கோலை ஒரே எடையாகக் கொண்டு, மேலேயுள்ள கோலின் ஒரு முனையில் தொங்கவிடுவர். ஆகவே, இச்சிற்பத்தைக் கீழிருந்து மேலாகச் சமன்செய்துகொண்டே செல்லுதல் எளிது.

தஞ்சாவூர்ப் பொம்மை செய்வோரும் சமநிலையின் நுட்பத்தை அறிந்தவர்களே. அப்பொம்மையின் அடிப்பகுதி உருண்டு கனத்திருக்கும். மேற்பகுதி இலேசாக இருக்கும். எடையின் மையம் அடியில் தாழ்ந்திருப்பதால், எப்பக்கம் சாய்த்தாலும் பொம்மை ஆடி ஆடி மீண்டும் நிமிரும்.

கால்டர் தொடக்கத்தில் சில சிற்பங்களை மின்பொறியால் இயக்கினார். ஆனால், பொறி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தது. காற்றோ ஒருமுறை வீசியதுபோல் மறுமுறை வீசுவதில்லை. ஆதலின், அவர் பெரும்பாலும் பொறியை விடுத்துக் காற்றின் துணையை நாடினார். உருவையும் சமநிலையையும் சிற்பி அமைப்பான். அசைவைக் காற்று அமைக்கும். பனை மிகுந்த முகையூர்ப் பகுதியில் ஓலைக் காற்றாடி செய்யும் சிறுவர்க்கும் இம்முறை விளங்கும். ஓலைத் துண்டுகளின் நடுவே வேலமுள்ளைச் செருகிக் குச்சியில் பொருத்துவர். இறக்கைகள் ஒத்திருத்தல் வேண்டும். துளை முள்ளினும் சற்றே பெரிதாதல் வேண்டும். அவற்றில் பிழை நேர்ந்தால் எக்காற்றும் அதனைச் சுழற்றாது.

இயங்கு சிற்பத்திற்குப் பெரியதோர் இடர்ப்பாடும் உண்டு. கற்சிலை கேட்பாரற்றுக் கிடந்தாலும் ஆயிரம் ஆண்டு நிலைக்கும். இயங்கும் பொருளோ இயங்க இயங்கத் தேயும்; அச்சு மழுங்கும்; கம்பி இறும். தேய்மானத்திற்கு அஞ்சி அதனை நிறுத்திவைத்தால், அதனை இயங்கு சிற்பம் என அழைப்பதில் பொருளில்லை. அருங்காட்சியகங்களில், காற்று நுழையாத கூடங்களில் தொங்கும் இத்தகைய சிற்பங்கள் அசைவற்றுக் காணப்படுதல் உண்டு. பார்வையாளர் அவற்றைத் தொட்டு அசைக்கவும் இசைவு இல்லை. சுவிட்சர்லாந்து நாட்டுச் சிற்பி சான் திங்கேலி அழிவையே கலையாக்கினார். அவர் நியூயார்க் நகரில் 1960ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இயக்கிய பெரும்பொறிச் சிற்பம், தன்னைத் தானே உடைத்துக்கொண்டு அழிந்தது.

அழிய விடாமலும், நிறுத்திவைக்காமலும் காக்கும் வழி ஒன்று உண்டா? தமிழகத்துத் தேர் அதற்கு விடை கூறுகிறது. தேர் கோயிலுக்கு உரியது. சிற்பிகள் கலைக்காட்சிக்கென்று செய்ததன்று. எனினும், மரச்சிற்பங்கள் செறிந்த அப்பெருவடிவம் உருண்டோடும்பொழுதே முழுமை பெறுகிறது. திருவாரூர் ஆழித்தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நிலையிலேயே நின்று, 1970ஆம் ஆண்டில் மீண்டும் ஓடியது. தேய்ந்த அச்சை மாற்றவும், தளர்ந்த மரத்தைப் புதுக்கவும் தச்சரும் கொல்லரும் வேண்டும். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்ப வல்லார் வேண்டும். வடம் பிடிக்க ஊரார் அனைவரும் வேண்டும். உறுப்புகள் மாறினும் ஓட்டம் மாறாமல் காக்கப்படுகிறது.

நின்ற சிலையைச் செய்தவன் தன் பணியை முடித்துவிட்டு அகலலாம். இயங்கும் சிற்பத்தைச் செய்தவனோ, தனக்குப் பின் வருவோரிடம் ஒரு பணியை ஒப்படைத்துச் செல்கிறான். எண்ணெய் இடுவோரும் பழுது பார்ப்போரும் உள்ளவரையே அக்கலை வாழும். ஆதலின், அசையும் சிற்பத்தைக் கண்டு மகிழ்வோர், அதனை அசையச் செய்து காப்போரையும் மதித்துப் போற்றுதல் கடனாகும்.