தோல், கொலாஜன், வெள்ளி

மாட்டுத் தோலைப் பதனிட்டால் செருப்பாகிறது. அதே தோலிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்தினால், தீப்புண்ணின் மேல் போர்த்தும் மெல்லிய படலம் கிடைக்கிறது. அந்தப் புரதம்தான் கொலாஜன். நம் தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்கி நிற்கும் நார் அது. உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவே.

மூன்று இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55இல் எடுத்துரைத்தார்கள். அதற்கு உதவியது கங்காருவின் வால் தசைநாண் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்! சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் கொலாஜனை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் ஆய்வுகளில் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளது.

சிக்கல் எங்கே? தோலிலிருந்து பிரித்தெடுக்கும்போது, நார்களை ஒன்றோடொன்று இணைத்திருந்த இயற்கைக் கட்டுகள் பெரும்பாலும் அறுந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட படலம் ஈரம் பட்டதும் ஊறித் தளர்கிறது. புண்ணில் சுரக்கும் நொதிகள் அதை அரித்துத் தின்கின்றன. புதுத் தோல் வளருமுன் படலம் கரைந்துபோனால் போட்டும் பயனில்லை.

தோல் பதனிடுவோர் இந்தச் சிக்கலை என்றோ தீர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் ஊறவைப்பதும், பிற்காலத்தில் குரோமியம் உப்பு சேர்ப்பதும் நார்களுக்கிடையே புதுக் கட்டுகளைப் போடத்தான். பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதுமே சுருங்கத் தொடங்கும். குரோமியத்தில் பதனிட்ட தோல் 100 டிகிரியையும் தாங்கும். ஆனால் செருப்புக்குச் செய்வதைப் புண்ணுக்குச் செய்ய முடியாதே! பன்றியின் இதய வால்வைப் பக்குவப்படுத்தப் பயன்படும் குளுட்டரால்டிஹைடு நன்றாகவே கட்டும். ஆனால் எஞ்சி நிற்கும் மருந்து உயிரணுக்களுக்கு நஞ்சு, நாளடைவில் சுண்ணாம்பும் படியும்.

இங்குதான் வெள்ளி வருகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கொலாஜன் மூலக்கூறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன். சில பத்து நானோமீட்டர் அளவே உள்ள வெள்ளித் துகள் ஒன்று, ஒரே சமயத்தில் பல நார்களைத் தொட முடியும். துகளின் மேற்பரப்பில் தக்க வேதிப்பொருளை ஏற்றிவிட்டால், வலையின் முடிச்சுபோல அது நார்களைப் பிடித்துக்கொள்ளும். கூடவே வெள்ளி அயனிகள் மெல்லக் கசிந்து கிருமிகளையும் கொல்லும். ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கொலாஜன் போர்த்திய வெள்ளித் துகள்கள் கிருமிகளை அடக்கியும் தோல் உயிரணுக்களைப் பெரிதும் பாதிக்காமலும் இருந்ததை 2012இல் வெளியிட்டார்கள்.

அளவு மிஞ்சினால் கதை வேறு. கிருமியைக் கொல்லும் அதே அயனி, புதுத் தோலை நெய்யும் உயிரணுவையும் கொல்லும். துகளின் பருமன், மேற்பூச்சு, கசியும் வேகம் ஒவ்வொன்றையும் பொறுத்து அந்த எல்லை மாறுவதால்தான் இந்த ஆய்வு மெதுவாக நகர்கிறது. வெள்ளி சேர்த்த கொலாஜன் கட்டுகள் சில ஏற்கெனவே விற்பனையில் உள்ளன. அவற்றில் வெள்ளியின் வேலை கிருமியைத் தடுப்பதே. நாரையே வலுவாக்கும் முயற்சி பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

வெள்ளித் துகள் கலந்த நீர் என்று சொல்லிக் குடிக்க விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொடர்ந்து குடித்தவர்களில் சிலருக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாகி, மீளாமலே நின்றுவிட்டது.